அப்புச்சிக்கு எத்தனை இன்ச்?

அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்று கூப்பிடும் நம் கொங்குக் குடும்பங்களில், வீட்டுப் பெரியவருக்கு லேப்டாப் வாங்கும் பேச்சு வந்தால் இரண்டு குரல்கள் எழும். "அப்புச்சிக்கு என்ன பெரிய வேலைங்க, லேசா சின்னதா ஒண்ணு போதும்" என்பது ஒன்று. "கண்ணு சரியாத் தெரியாது, இருக்கறதுலயே பெருசா வாங்கிருங்க" என்பது மற்றது. முதல் குரலுக்குக் காது கொடுத்தால் 13 இன்ச் வீட்டுக்கு வரும். இரண்டாவதற்குக் கொடுத்தால் 17 இன்ச் வரும். சின்னதில் எழுத்து தெரியாது, பெரியதைத் தூக்க முடியாது. எதுவானாலும் சில மாதங்களில் பீரோவுக்கு மேலே ஏறிவிடும்.

அப்புச்சியின் கண்ணாடி, அவர் விரல்கள், அவர் உட்காரும் இடம், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர் எங்கெல்லாம் போவார் என்பது. அளவைத் தீர்மானிப்பவை இவைதான். கடைக்குக் கிளம்பும் முன்பே வீட்டில் பார்த்துவிடலாம். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரே இடத்தில் வைத்துப் பயன்படுத்துகிற பெரியவருக்கு 15.6 அல்லது 16 இன்ச். பிள்ளைகள் வீட்டில் மாறி மாறித் தங்குகிறவருக்கு 14. பதினான்குக்குக் கீழே போகவே வேண்டாம். 17 வாங்குகிற காசுக்கு வேறு நல்ல வழி இருக்கிறது. இதற்கான காரணங்களும், உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இந்தக் கணக்கு எங்கே மாறும் என்பதும் இனி.

எதைப் பார்க்கப் போகிறார்?

போனிலேயே எல்லாம் வந்துவிடுகிறதே, லேப்டாப் எதற்கு என்று கேட்கிறவர்கள் நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படம் ஒன்றைப் போனில் திறந்து பார்க்கட்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்துப் பெரியவர்களுக்கு நிலம் என்பது அன்றாடக் கவலை. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் கிடைக்கின்றன. வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்கிறது. புலப்படத்தில் ஒவ்வொரு எல்லைக்கோட்டின் ஓரத்திலும் மீட்டர் அளவு பொடி எழுத்தில் இருக்கும். உட்பிரிவு எண்கள் கோடுகளுக்குள் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். போனில் பெரிதாக்கினால் ஒரு மூலைதான் தெரியும். பக்கத்துத் தோட்டத்து எல்லையோடு சேர்த்துப் பார்க்க முடியாது. முழுப் படமும் கண்ணுக்கு முன் இருக்க வேண்டும், எண்களும் வாசிக்கும்படி இருக்க வேண்டும். அதற்கு ஸ்கிரீனில் இடம் வேண்டும்.

அடுத்தது கணக்கு. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர், திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுப்பவர், பொள்ளாச்சியில் தேங்காய்க் களம் வைத்திருப்பவர் என்று எழுபது வயதிலும் வரவு செலவைத் தன் கையிலேயே வைத்திருக்கும் பெரியவர்கள் இங்கே அதிகம். டேலியிலோ எக்ஸெலிலோ பத்துப் பத்தியாவது ஒரே பார்வையில் தெரியாவிட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது.

பிறகு செய்தித்தாள், பக்திச் சொற்பொழிவு, வெளிநாட்டுப் பேரனோடு வீடியோ கால். இவற்றில் வீடியோ காலுக்கு மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும். அப்புச்சியும் பாட்டி அம்மாயியும் அதைச் சேர்ந்துதான் பார்ப்பார்கள், அக்கம்பக்கமாக உட்கார்ந்து. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்து முகம் கருத்துப்போகிற ஸ்கிரீன்கள் மலிவு விலை மாடல்களில் இன்னும் வருகின்றன. ஐபிஎஸ் ஸ்கிரீன் என்று கேட்டு வாங்குங்கள். 16 இன்ச் வாங்கியும் ஒருவர்தான் பார்க்க முடியும் என்றால் அந்த அளவுக்கு அர்த்தமில்லை.

இன்ச் கணக்கு

லேப்டாப் இன்ச் என்பது ஸ்கிரீனின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை குறுக்காக அளந்த நீளம். அதனால் 14-க்கும் 15.6-க்கும் இடையில் ஒன்றரை இன்ச்தானே வித்தியாசம் என்று தோன்றும். பரப்பைப் பாருங்கள். வழக்கமான அகல வடிவத்தில் 14 இன்ச் ஸ்கிரீன் சுமார் 31 செ.மீ. அகலம், 17.4 செ.மீ. உயரம். 15.6 இன்ச் சுமார் 34.5 செ.மீ. அகலம், 19.4 செ.மீ. உயரம். பரப்பில் கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல். இப்போது பரவலாக வரும் 16 இன்ச் மாடல்கள் பலவற்றில் அகலம் அதே 34.5 செ.மீ., உயரம் மட்டும் 21.5 செ.மீ. வரை போகிறது. மேசையில் கிட்டத்தட்ட அதே இடத்தைத்தான் அடைக்கும், ஆனால் பக்கத்தில் கூடுதலாகச் சில வரிகள் தெரியும். பெரியவர்களுக்கு இந்த உயரம் முக்கியம், காரணம் கீழே வருகிறது. விலை ஒத்துவந்தால் 15.6-ஐ விட இந்த உயரமான 16-ஐயே எடுங்கள்.

ஸ்கிரீன் பெரிதானால் எழுத்து தானாகப் பெரிதாகிவிடாது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃபுல் எச்டி என்றால் ஸ்கிரீனின் அகலத்தில் 1920 ஒளிப்புள்ளிகள், உயரத்தில் 1080. இதே எண்ணிக்கை 14 இன்ச்சிலும் இருக்கும், 15.6-லும் இருக்கும், 24 இன்ச் மானிட்டரிலும் இருக்கும். சின்ன ஸ்கிரீனில் அவை நெருங்கி நிற்பதால் எழுத்தும் சுருங்கும். அதைச் சரிசெய்யத்தான் விண்டோஸில் ஸ்கேல் என்ற அமைப்பு இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் டிஸ்ப்ளே, அதற்குள் ஸ்கேல். 100, 125, 150, 175 என்று சதவீதத்தில் இருக்கும்.

பெரியவருக்கு எவ்வளவு வைப்பது? செய்தித்தாளைச் சுமார் 40 செ.மீ. தூரத்தில் பிடித்து வாசிக்கிறோம். லேப்டாப்பில் கீபோர்டு குறுக்கே இருப்பதால் ஸ்கிரீன் 55, 60 செ.மீ. தள்ளித்தான் இருக்கும். தூரம் ஒன்றரை மடங்கு என்றால், கண்ணுக்கு அதே அளவில் தெரிய எழுத்தும் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். ஆகவே 15.6 இன்ச் ஃபுல் எச்டியில் 150 சதவீதத்தில் தொடங்குங்கள். போதாவிட்டால் 175.

சின்ன ஸ்கிரீனின் தொல்லை இங்கேதான் தொடங்கும். 14 இன்ச்சில் அதே உயர எழுத்து வேண்டுமானால் ஸ்கேலை இன்னும் ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற ஸ்கிரீனுக்குள் அடங்கும் விஷயம் குறையும். 175-க்குப் போனால் சில பெட்டிகளில் 'சரி' என்று அழுத்த வேண்டிய பொத்தான் ஸ்கிரீனின் கீழ் விளிம்புக்கு வெளியே போய்விடும். இளையவர்கள் ஏதாவது செய்து சமாளிப்பார்கள். பெரியவர், மெஷின் கெட்டுவிட்டது என்றே முடிவு செய்து மூடி வைத்துவிடுவார். உயரமான ஸ்கிரீனை நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தமிழ் எழுத்துக்கு இது ஆங்கிலத்தைவிட அதிகம் பொருந்தும். நம் எழுத்துகள் அகலமானவை, வளைவுகள் அதிகம். ண, ன இரண்டுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். எ, ஏ இரண்டுக்கும் ஒரு சிறு கோடு. மெய்யெழுத்துக்கு மேலே ஒரு புள்ளி. கம்ப்யூட்டரை ஆங்கிலத்தில் பார்க்கும் மகனுக்குப் போதுமான எழுத்து அளவு, தமிழில் வாசிக்கும் அப்பாவுக்குப் போதாது.

கேட்காதீர்கள், பாருங்கள்

"எழுத்து தெரியுதுங்களா அப்புச்சி?" என்று கடையில் கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். "நல்லாத் தெரியுது சாமி, இதே போதும்" என்பார். பேத்தி காசு செலவழிக்கிறாள், இன்னும் விலை கூடியதைக் கேட்டதாக ஆகிவிடக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு. நம் பெரியவர்களின் பண்பு அது. அதனால் வாய்ப் பதிலை நம்பி அளவை முடிவு செய்யாதீர்கள்.

பக்கவாட்டில் நின்று அவர் தாடையைக் கவனியுங்கள். பைஃபோகல் கண்ணாடியில் கிட்டப் பார்வைக்கான பகுதி கீழே இருக்கும். அதன் வழியாக நேரெதிரே இருக்கும் ஸ்கிரீனைப் பார்க்கத் தாடையைத் தூக்கிக் கழுத்தைப் பின்னால் சாய்க்க வேண்டும். அரை மணி நேரம் அப்படி உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும், மறுநாள் லேப்டாப் பக்கமே வரமாட்டார். இன்னொரு அடையாளம், முதுகை வளைத்து முகத்தை ஸ்கிரீன் அருகே கொண்டுபோவது. இரண்டில் எது தெரிந்தாலும் எழுத்து போதவில்லை, அல்லது கண்ணாடி சரியில்லை என்று பொருள்.

வாசிக்கச் சொல்லியும் பார்க்கலாம். ஆனால் செய்தியை வாசிக்கச் சொல்லாதீர்கள். அறுபது வருடம் தமிழ் வாசித்தவருக்குப் 'பள்ளி' என்ற சொல்லில் புள்ளியே தெரியாவிட்டாலும் பள்ளி என்றே வாசித்துவிடுவார். பழக்கம் இட்டு நிரப்பிவிடும். எண்களையும் முன்பின் தெரியாத ஊர்ப் பெயர்களையும் கொடுங்கள். ஒரு வங்கிக் கணக்கு எண், ஒரு சர்வே எண், அதன் உட்பிரிவு. 3-ஐ 8 என்றோ 5-ஐ 6 என்றோ வாசித்தால் அந்த ஸ்கிரீனில் அந்த ஸ்கேல் அவருக்கு ஆகாது. சொத்து விஷயத்தில் ஓர் எண் தவறினால் என்னவாகும் என்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை.

கண்ணாடி முதலில், லேப்டாப் பிறகு

பல வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. லேப்டாப் வாங்கி, எழுத்து தெரியவில்லை என்று புலம்பி, ஆறு மாதம் கழித்துக் கண் மருத்துவரைப் பார்க்கிறார்கள்.

நாற்பது வயதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். அதற்குக் கொடுக்கும் வாசிப்புக் கண்ணாடி 40 செ.மீ. தூரத்துக்கு ஏற்றது. 40 செ.மீ. தூரத்தில் தெளிவாகப் பார்க்க இரண்டரை பவர் கூடுதலாகத் தேவைப்படுகிற ஒருவருக்கு, 60 செ.மீ. தூரத்துக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் போதும். பவர் கூடினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். கூடிய பவரில் 60 செ.மீ. தூரத்து எழுத்து மங்கும். லேப்டாப் தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி ஒன்றைப் பெரியவர் வைத்துக்கொண்டால் அதன் பலன், இரண்டு இன்ச் பெரிய ஸ்கிரீனால் வருவதைவிட அதிகம். மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் அவர் உட்காரும் இடத்திலிருந்து ஸ்கிரீன் வரும் இடம் வரை டேப்பால் அளந்து, அந்த அளவைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். "கம்ப்யூட்டர் பார்க்கிறேன்" என்று பொதுவாகச் சொல்வதைவிட "55 செ.மீ. தூரத்தில் பார்க்கிறேன்" என்று சொன்னால் மருத்துவருக்கு வேலை எளிது.

இதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. கோவையில் அவிநாசி சாலையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1997 முதல் இருக்கிறது. சத்தி சாலையில் சங்கரா கண் மருத்துவமனை இருக்கிறது.

கண்புரை முற்றியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா? அப்படியானால் லேப்டாப் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். புரையால் மங்கிய கண்ணுக்கு ஏற்றதாக இன்று தேர்ந்தெடுக்கும் ஸ்கிரீன், ஆபரேஷனுக்குப் பிறகு தேவையில்லாமல் பெரியதாக இருக்கலாம். வழக்கமாக வைக்கும் லென்ஸ் தூரப் பார்வைக்குத் தோதானது. கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி தேவைப்படும், அந்தப் பவரைக் கண் ஆறிச் சில வாரங்கள் கழித்தே எழுதித் தருவார்கள். அது கைக்கு வந்த பிறகு கடைக்குக் கிளம்புங்கள்.

சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வை குறைந்தவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் இன்ச் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு எந்த லேப்டாப் ஸ்கிரீனும் சிறியதுதான். 'தனி மானிட்டர்' என்ற பகுதிக்கு நேராகப் போங்கள்.

கை

14 இன்ச்சோ 16 இன்ச்சோ, எழுத்து விசைகளின் இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 19 மி.மீ. 14-க்குக் கீழே உள்ள குட்டி லேப்டாப்புகள் சிலவற்றில் விசைகள் நெருங்கும், ஓர விசைகள் குறுகும். மூட்டு வீங்கிய விரல் ஒன்றை அழுத்தப்போய் இரண்டை அழுத்தும். சிறியதை நான் ஒதுக்கச் சொல்வதற்கு எழுத்துக்கு அடுத்த காரணம் இது.

15.6, 16 இன்ச் மாடல்கள் பலவற்றில் வலது ஓரத்தில் தனியாக எண் விசைகள் இருக்கும். கணக்குப் பார்க்கும் பெரியவருக்கு இது பெரிய வசதி. மேசைக் கால்குலேட்டரில் இருக்கும் அதே வரிசை என்பதால் விரல் பழகியே இருக்கும். ஆனால் எண் விசைகள் வந்தால் எழுத்து விசைகளும் டச்பேடும் இடப்பக்கம் நகர்ந்துவிடும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அலுவலக எழுத்தர்கள் பலர் தட்டச்சில் லோயர், ஹையர் முடித்தவர்கள். பத்து விரலாலும் அடிப்பவர்கள். அவர்களுக்கு உடல் ஒரு பக்கமும் ஸ்கிரீனின் நடு இன்னொரு பக்கமுமாக உட்கார்வது உறுத்தும். அப்படிப்பட்டவருக்கு எண் விசை இல்லாத 16 இன்ச் தேடுங்கள். மாடல்கள் குறைவு, ஆனால் இருக்கின்றன.

தமிழில் தட்டச்சு செய்ய எந்த அளவு லேப்டாப்பிலும் தடையில்லை. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோதுதான் யூனிகோடைத் தமிழுக்கான நெறியாகத் தமிழக அரசு ஏற்றது. இன்று விண்டோஸ் 11-லேயே தமிழ் 99 இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பழைய தட்டச்சு முறையே கைக்கு வருகிறவர்களுக்கு இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் உதவும். ஆனால் விசைகளின் நிறத்தைக் கவனித்து வாங்குங்கள். வெள்ளி நிற விசையில் சாம்பல் நிற எழுத்து இருக்கும் மாடல்கள் பார்க்க அழகு, வயதான கண்ணுக்கு வெறும் பலகை. கறுப்பு விசையில் வெள்ளை எழுத்து நல்லது.

டச்பேட் எந்த அளவில் இருந்தாலும் ஒயர் மவுஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். விரல் நடுக்கம் உள்ளவருக்கு டச்பேட் தொல்லைதான். ஒயர் இருந்தால் தொலையாது, பேட்டரி மாற்றும் வேலையும் இல்லை. மவுஸுக்கு வலப்பக்கம் ஒரு சாண் இடம் வேண்டும். மேசையை அளக்கும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உட்காரும் இடம், தூக்கும் எடை

14 இன்ச் லேப்டாப்புகள் பெரும்பாலும் 1.3 முதல் 1.6 கிலோ. 15.6-ம் 16-ம் 1.6 முதல் 1.9 கிலோ. 17 இன்ச் 2 கிலோவை நன்றாகத் தாண்டும். சார்ஜரையும் பையையும் சேர்த்தால் எதிலும் அரைக் கிலோவாவது கூடும்.

மேசைக்கு மேசை நகர்த்துவதற்கு 1.8 கிலோ ஒன்றுமில்லை. ஒரு மாதம் கோவையில் மகன் வீடு, அடுத்த மாதம் சென்னையில் மகள் வீடு, நடுவில் ஊரில் நோம்பி என்று நடமாடுகிற அம்மாயிக்கு அதே 1.8 கிலோ சுமை. சிங்காநல்லூரிலோ காந்திபுரத்திலோ பஸ் ஏறும்போது ஒரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும், மறு கையில் மாத்திரைப் பை. விமானத்தில் போகிறவருக்கு உள்நாட்டுப் பயணத்தில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான். இவர்களுக்கு 14 இன்ச் சரி. ஸ்கேலை ஏற்றி வையுங்கள். அவர் அதிக நாள் தங்கும் வீட்டில் ஒரு மானிட்டர் இருந்தால் குறை தெரியாது.

தோட்டத்துச் சாளையில் இருப்பவர்களுக்கு அளவைவிட வெளிச்சம் பெரிய பிரச்சினை. காலை பதினொரு மணிக்குத் திண்ணையிலோ வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலிலோ உட்கார்ந்து திறந்தால், மலிவு மாடல்களின் ஸ்கிரீனில் அவர் முகம்தான் தெரியும். அந்த வகை ஸ்கிரீன்களின் வெளிச்சம் 250 நிட்ஸ் அளவில் இருக்கும். 300-க்குக் குறையாமல், முடிந்தால் 400 நிட்ஸ், பளபளக்காத மேற்பரப்பு உள்ளதைத் தேடுங்கள். டச் ஸ்கிரீன்கள் பெரும்பாலும் கண்ணாடி போலப் பளபளப்பவை, திண்ணைக்கு ஆகாது. இங்கே 14 இன்ச் வெளிச்சமான ஸ்கிரீனா, 16 இன்ச் மங்கலான ஸ்கிரீனா என்று வந்தால் 14-ஐ எடுங்கள்.

மடியில் வைத்துப் பார்க்கிற பழக்கத்தை எந்த அளவிலும் ஊக்கப்படுத்தாதீர்கள். ஊஞ்சலிலும் வேண்டாம்.

பேரனின் பழைய லேப்டாப்

2011-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ படித்த பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் ஒரு லேப்டாப் இருக்கிறது. பேரன் கல்லூரி முடித்து வேலைக்குப் போனதும் அது தாத்தாவிடம் வருகிறது. பழகிப் பார்க்க நல்லதுதான். அவற்றில் பரவலாகக் காணப்படுவது 14 இன்ச், ஆனால் ஃபுல் எச்டி இல்லை, 1366-க்கு 768 ஒளிப்புள்ளிகள். இதில் எழுத்து இயல்பாகவே கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அதனால் பெரியவர்களுக்கு முதலில் பிடித்துப்போகும். ஆனால் ஓர் எழுத்தை வரையும் ஒளிப்புள்ளிகள் குறைவு என்பதால் சுழிகள் ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி உடலோடு சேர்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. பாட்டு கேட்கலாம், சொற்பொழிவு பார்க்கலாம். வங்கிக் கணக்கை அதில் திறக்க விடாதீர்கள்.

தனி மானிட்டர்

17 இன்ச் லேப்டாப் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும். லேப்டாப் மேசையை விட்டு நகரப்போவதில்லை என்றால் 14 அல்லது 15.6 இன்ச் லேப்டாப்போடு 24 இன்ச் மானிட்டர் ஒன்றை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்துவிடுங்கள். 24 இன்ச் ஃபுல் எச்டியில் ஸ்கேல் 100-லேயே எழுத்து, 15.6 இன்ச்சில் 150 வைத்ததற்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அதை 125-க்கு ஏற்றினால் புலப்படத்தின் பொடி எண்களும் கண்ணாடியோடு தெரியும். ஸ்கிரீன் கண் மட்டத்துக்கு உயர்வதால் கழுத்து குனியாது. ஆனால் பைஃபோகல் போடுகிறவருக்கு ஸ்கிரீனின் மேல் விளிம்பு கண்ணுக்கு ஒரு சாண் கீழே இருக்கும்படி தாழ்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் தாடை மறுபடி தூக்கும். கீபோர்டும் மவுஸும் தனியாக இருந்தால் தூரத்தை வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆசாரத்தில் இருக்கும் டிவியிலும் எச்டிஎம்ஐ இருக்கும். வீடியோ காலுக்கு அதில் இணைத்தால் குடும்பமே உட்கார்ந்து பேசலாம். எழுத்து வேலைக்கு டிவி ஆகாது, தூரம் அதிகம்.

கடையில்

பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெங்களூரிலிருந்தோ துபாயிலிருந்தோ ஆன்லைனில் ஆர்டர் போட்டு வீட்டுக்கு அனுப்புவது எளிது. ஆனால் பெட்டியைத் திறந்துவிட்டால், அளவு பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காகத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாலும் முடியாது. கோவையில் கிராஸ்கட் ரோடு, நூறடி ரோடு பக்கம் ஒரே தெருவில் பல கடைகளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஞாயிறு மாலை கூட்டத்தில் வேண்டாம், வாரநாள் காலையில் போனால் கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும். எழுதிவைத்த தூரச் சீட்டு, டேப், அவர் வழக்கமாகப் போடும் கண்ணாடி மூன்றும் கையில் இருக்கட்டும்.

பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நின்றபடி வேண்டாம். டெமோ படத்தை மூடிவிட்டுத் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். ஸ்கேலை 150-ல் வையுங்கள். எண்களை வாசிக்கவையுங்கள். பிறகு மூடச் சொல்லுங்கள், அவரே திறக்கட்டும். மூடியைத் தூக்க இரண்டு கை தேவைப்பட்டாலும், தூக்கும்போது அடிப்பாகமும் சேர்ந்து எழும்பினாலும் வேறு மாடல் பாருங்கள். சார்ஜர் பின்னை அவரே செருகிக் காட்டட்டும். எப்படித் திருப்பினாலும் செருகிக்கொள்ளும் டைப்-சி இருந்தால் நல்லது. கடைசியாக அவர் கையில் கொடுத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள்.

ராம் 8 ஜிபிக்குக் குறையாமல், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி. இந்த அத்தியாயத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. பணம் இடித்தால் பிராசசரில் ஒரு படி இறங்குங்கள், ஸ்கிரீனில் இறங்காதீர்கள். அப்புச்சி செய்யும் வேலைக்கு அந்த வேக வித்தியாசம் தெரியவே தெரியாது, மங்கலான ஸ்கிரீன் ஒவ்வொரு நாளும் தெரியும்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே ஸ்கேலையும் மவுஸ் அம்புக்குறியின் அளவையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்து கொடுங்கள். இரண்டு வாரம் கழித்துப் போனிலாவது மறுபடி கேளுங்கள். கண்ணாடி மாறும் ஒவ்வொரு முறையும் ஸ்கேலையும் மாற்ற வேண்டியிருக்கும்.